நின்ற இடத்தில் என்ன கண்டார்? ரயில் பாதைக் காவலர் கையில் ஜிபிஎஸ் கருவி: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்திய ரயில்வேயின் பாதைப் பராமரிப்புக் கையேட்டில், தினமும் நடந்தே பாதையைப் பார்த்துச் சரிசெய்யும் தொழிலாளியான கீமேனுக்கென்று ஒரு விதி இருக்கிறது. தன் எல்லைக்கு உட்பட்ட பாதை முழுவதையும் அவர் தினமும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளத்தை ஒட்டிப் போனால், திரும்பும்போது எதிர்த் தண்டவாளத்தை ஒட்டி வர வேண்டும். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். சாதாரண ஜிபிஎஸ் கருவி காட்டும் இடமோ, வானம் திறந்திருக்கும் வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் வரை அங்குமிங்கும் தள்ளியிருக்கக்கூடும். ஆகவே கீமேன் இடது தண்டவாளத்தைப் பார்த்துப் போய் வலது தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பினாரா, இரண்டு முறையும் ஒரே பக்கமாக நடந்தாரா என்பதை அந்தக் கருவியால் சொல்ல முடியாது. இரட்டைப் பாதையில் எந்தப் பாதையில் நடந்தார் என்பதுகூடச் சந்தேகத்துக்கு உரியதுதான்.

ஆனாலும் அந்தக் கருவி வந்துவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் ரயில்வேயின் பல மண்டலங்களில் கீமேன்களுக்கும் இரவு ரோந்துக்காரர்களுக்கும் சிம் அட்டை பொருத்திய சிறிய ஜிபிஎஸ் கருவிகள் தரப்பட்டிருக்கின்றன. வரவேற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. நடந்து கண்காணிக்கும் ஒரு தொழிலாளியின் கையில் கண்காணிக்கும் கருவியைக் கொடுத்தால் எது மேம்படுகிறது, எது கைவிட்டுப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன்.

நாற்பதாயிரம் கிளிப்புகள்

ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, பாதையை விட்டு ஒதுங்கி, தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் தொங்க, கையில் சுருட்டிய கொடியோடு நிற்கும் மனிதரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நமக்கு அவர் ஒரு கணத்தில் மறைந்துவிடும் உருவம். நாம் அவரைக் கடந்துபோவதற்கு முன் அந்தப் பாதையை அவர் கடந்திருக்கிறார் என்பதால்தான் நம் பயணம் பயணமாக இருக்கிறது.

அவர் வேலையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முக்கியமான பாதைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) பதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க நான்கு எஃகுக் கிளிப்புகள். கீமேனின் எல்லை ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ நாற்பதாயிரம் கிளிப்புகள் வருகின்றன. மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடையில் போய்வர நான்கு மணி நேரம். நொடிக்கு இரண்டு, மூன்று கிளிப்புகளை அவர் கண் தொட்டுக்கொண்டே போகிறது. இதோடு முடியவில்லை. தண்டவாள இணைப்பில் தளர்ந்த போல்ட், பற்றவைப்பில் மயிரிழை விரிசல், ஜல்லி சரிந்த ஓரம், மதகில் அடைத்த குப்பை, பாலத்தின் தூண் அருகே மண் அரிப்பு என எல்லாவற்றையும் அதே நடையில் பார்க்க வேண்டும். வெளியேறி நிற்கும் கிளிப்பைச் சுத்தியலால் அடித்து உள்ளே ஏற்ற வேண்டும். காதும் திறந்திருக்க வேண்டும். ரயில் பின்னாலிருந்தும் வரும்.

காலநிலைக்கு ஏற்ப ரோந்தும் மாறுகிறது. பற்றவைத்து நீட்டிய தண்டவாளத்துக்கு ஓர் அடிப்படை வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கும். தண்டவாளத்தின் சூடு அதைவிட 20 டிகிரி கூடினால் வெயில் ரோந்து தொடங்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் தடையின்றி நீள விடப்பட்டால் 20 டிகிரிக்கு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் நீளும். அப்படி நீள விடாமல் கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் சேர்ந்து பிடித்துவைத்திருப்பதால் அந்த விசை முழுவதும் எஃகுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. பிடி எங்காவது தளர்ந்தால் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். குளிர்காலத்தில் நேர்மாறாக, விடியற்காலைகளில் தண்டவாளம் சுருங்கி முறியும். மழைக்காலத்தில் இரவு ரோந்து. நம் பக்கம் அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வேலை.

புத்தகம் இருந்த காலம்

கருவிக்கு முன்பும் கண்காணிப்பு இருந்தது. மழைக்கால ரோந்துக்கு ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு ரோந்துக்காரர் கையிலும் ஒரு ரோந்துப் புத்தகம் இருக்கும். ஒரு நிலையத்தில் கையெழுத்தும் நேரமும் வாங்கிப் புறப்படுவார். தன் எல்லை முடியும் இடத்தில் எதிரே வரும் அடுத்த எல்லைக்காரரைச் சந்தித்துப் புத்தகங்களை மாற்றிக்கொள்வார். அவர் புத்தகம் மற்றவர் கையில் அடுத்த நிலையத்துக்குப் போகும். வர வேண்டிய ரோந்துக்காரர் வரவில்லையென்றால் நிலைய அதிகாரி அதை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள் நுழையும் ஓட்டுநர்களுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்து மூலம் எச்சரிக்கை தர வேண்டும்.

இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் நடந்தாரா என்பதற்கு இன்னொரு மனிதர் சாட்சி. இருட்டில், மழையில், இரண்டு பேர் சந்தித்துக்கொள்ளும் அந்த இடத்தில் புத்தகம் மட்டும் கைமாறவில்லை. "அந்த மதகில் தண்ணீர் ஏறுகிறது" என்ற சொல்லும் கைமாறியது. அவர் வரவில்லையென்றால் முதலில் எழுந்த கேள்வி, "அவருக்கும் பாதைக்கும் என்ன ஆயிற்று?" என்பது. "ஏன் வேலைக்கு வரவில்லை?" என்பது அதற்குப் பிறகுதான்.

ஆனால் புத்தகம் பொய் சொல்லும். ஒரே இடத்தில் உட்கார்ந்து இருவருடைய புத்தகத்தையும் நிரப்பிவிடலாம். பகல்நேரக் கீமேனுக்கு அந்தச் சந்திப்புகூடக் கிடையாது. அவர் ஆறு கிலோமீட்டரும் நடந்தாரா, மூன்றோடு திரும்பிவிட்டாரா என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது. பெரும்பாலானவர்கள் நடந்தார்கள். நடக்காத ஒரு நாள் எந்த நாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அரியலூரும் கதௌலியும்

பாதை பார்க்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, கனமழைக்கிடையே, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தமிழ்நாட்டில் அது தேர்தல் முழக்கமாகவும் ஒலித்தது. வெள்ளத்தில் பாலத்தின் பிடி போய்விட்டதை அந்த ரயில் வருவதற்கு முன் யாராவது அறிந்து தெரிவித்திருந்தால் என்ற எண்ணம், மழைக்கால ரோந்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு விபத்து. 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப்பிரதேசத்தின் கதௌலி அருகே, புரியிலிருந்து ஹரித்வார் சென்ற கலிங்க உத்கல் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு 23 பேர் இறந்தனர். அங்கே பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ரயில்களை நிறுத்திவைத்து வேலை செய்யத் தரப்படும் 'பிளாக்' என்னும் நேர அனுமதி இல்லாமல், முறையான எச்சரிக்கைக் குறிகளும் இல்லாமல் நடந்தது. அதன் பிறகு பாதைப் பராமரிப்பின் மீது நாடே கவனம் திருப்பியது. களப்பணியாளர்களை ஜிபிஎஸ் மூலம் கண்காணிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்ததும் அந்தச் சூழலில்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கதௌலியில் தொழிலாளர்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தார்கள். அன்று அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஜிபிஎஸ் கருவி இருந்திருந்தால், வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் ஒளிர்ந்திருக்கும். அங்கே இல்லாமல் போனது பிளாக்கும் சிவப்புக் கொடியும். ஒரு விபத்தின் அதிர்ச்சியில் நாம் வாங்கும் கருவி, அந்த விபத்தைத் தடுத்திருக்குமா என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாமல் வாங்குவது நம் நிர்வாகங்களின் நெடுநாள் பழக்கம். இதைச் சொல்வதால் கருவி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த நோய்க்கு என்பது தெரியாமல் கொடுக்கும் மருந்தைப் பற்றித்தான் கவலை.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இந்தக் கவலையை உறுதிப்படுத்துகிறது. 2017-18 முதல் 2020-21 வரையிலான நான்கு ஆண்டுகளில் தடம்புரண்ட விபத்துகள் தொடர்பான 1,129 விசாரணை அறிக்கைகளை அது ஆராய்ந்தது. பொறியியல் துறை பொறுப்பாக இருந்தவை 422. அவற்றில் பாதைப் பராமரிப்பு தொடர்பானவை 171. பாதையை அளந்து பதிவுசெய்யும் சிறப்பு வண்டிகளைக் கொண்டு நடத்த வேண்டிய ஆய்வுகளில் 30 முதல் 100 விழுக்காடு வரை குறைவு இருந்ததாகவும் அறிக்கை சொன்னது. பராமரிப்பு வேலைகளைக் கண்காணிக்க உருவாக்கிய இணையதளத்திலேயே உள்கண்காணிப்பு வசதி இயங்கவில்லை என்ற செய்தியும் அதில் இருந்தது. கீமேன் நடந்தாரா என்று பார்ப்பதற்குக் கருவி வாங்கிய அமைப்பு, தான் நடத்த வேண்டிய ஆய்வைத் தானே நடத்தவில்லை.

கருவி செய்வது

கருவியின் அமைப்பு எளிமையானது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கிறது. குறிப்பிட்ட இடைவெளிகளில் கைப்பேசி வலையமைப்பு வழியாக அந்த இடத்தையும் நேரத்தையும் மையக் கணினிக்கு அனுப்புகிறது. கீமேனின் எல்லை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பிரிவுப் பொறியாளர் தன் அலுவலகத் திரையில் அந்த எல்லைக்குள் நகரும் புள்ளியைப் பார்க்கிறார். தாமதமாகப் புறப்பட்டாலோ, பாதியில் திரும்பினாலோ, நடை வேகத்துக்கு மேல் போனாலோ (யாராவது பைக்கில் போனால் அப்படித் தெரியும்), நெடுநேரம் நகராமல் இருந்தாலோ எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொள்ளலாம். கருவியில் ஆபத்துக் காலத்தில் அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் இருக்கும்.

இதனால் உண்மையாகவே கிடைத்த நன்மைகள் உண்டு. பாதி தூரத்தோடு திரும்பும் பழக்கம் எங்கே இருந்ததோ அங்கே அது வெளிச்சத்துக்கு வரும். நேர்மையாக நடந்தவருக்கும் நடக்காதவருக்கும் வித்தியாசம் தெரியும். இது சின்ன விஷயமன்று. ஒழுங்காக வேலை செய்கிறவரை மிகவும் புண்படுத்துவது, செய்யாதவரோடு சேர்த்துத் தன்னையும் ஒரே தராசில் வைப்பதுதான். விபத்து நடந்தால் முதல் சந்தேகம் எப்போதும் கடைநிலைத் தொழிலாளி மீது விழும். "அன்று காலை ஏழே முக்காலுக்கு நான் அந்த வளைவில் இருந்தேன்" என்று சொல்ல அவருக்கு இப்போது ஒரு சான்று இருக்கிறது. பழைய புத்தகம் இந்தப் பாதுகாப்பை அவருக்குத் தந்ததில்லை. தனியாக நடக்கும் பெண் பணியாளருக்கும், யானை நடமாடும் காட்டுப் பகுதியில் நடப்பவருக்கும் அந்த ஆபத்துப் பொத்தானின் மதிப்பு வேறு.

நிற்றல்

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். கருவி அளப்பது நகர்வை. பாதை ஆய்வில் உயிர்களைக் காப்பாற்றும் தருணமோ, நடப்பவர் நிற்கும் தருணம்.

ஒரு கீமேன் விரிசலைக் கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்திலிருந்து அவர் நடை அட்டவணையை விட்டு முழுவதும் விலகிவிடுகிறது. அந்த இடத்தில் சிவப்புக் கொடி வைக்க வேண்டும். ரயில் வரும் திசையில் ஓடி, 600 மீட்டரில் ஒரு வெடிச் சமிக்ஞையையும், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றையும் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை நிறுத்தச் சொல்லும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயில் அந்த 1,200 மீட்டரை நாற்பது நொடியில் கடந்துவிடும். ஒற்றைப் பாதையென்றால் இரண்டு திசைகளையும் காக்க வேண்டும். திரையில் இது எப்படித் தெரியும்? புள்ளி நின்றது, பின்னோக்கிப் போனது, நடை வேகத்தை மீறியது, மறுபடி நின்றது. மோசமான தொழிலாளியைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட அத்தனை விதிகளும் மிகச் சிறந்த தொழிலாளியின் மிகச் சிறந்த அரைமணி நேரத்தில் ஒருசேர மீறப்படுகின்றன.

விரிசல் அளவுக்குப் போக வேண்டியதில்லை. பாலத்தின் மேல் நின்று, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கால்மணி நேரம் பார்ப்பதும் ஆய்வுதான். கையேடே இதை அறிந்திருக்கிறது. கனமழையோ புயலோ வந்தால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், கேங்கின் மேட் (பராமரிப்புக் குழுவின் தலைவர்) தன் சொந்த முடிவில், மற்ற ரோந்துகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரோந்தை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. தொழிலாளியின் சுயமுடிவை விதியாகவே வைத்த அந்தப் பழைய வாசகத்தின் முன் நான் வணங்கி நிற்கிறேன். வரைந்துவைத்த எல்லைக்குள் வரைந்துவைத்த வேகத்தில் புள்ளி நகர வேண்டும் என்று எதிர்பார்க்கும் கணினிக்கு அந்த வாசகத்தைப் படிக்கத் தெரியாது.

நிற்பதற்குப் பயப்படும் ஒரு கீமேன் உருவானால் அதுதான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய தோல்வியாக இருக்கும். "ஏன் பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் இருந்தாய்?" என்று இரண்டு முறை விளக்கம் கேட்கப்பட்டவர், மூன்றாவது முறை சந்தேகத்துக்குரிய பற்றவைப்பின் முன் குனிந்து பார்ப்பாரா, கடந்துபோவாரா? நொடிக்கு மூன்று கிளிப்புகள் என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். கால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற அழுத்தம் கண்ணிலிருந்துதான் நேரத்தைப் பிடுங்கும்.

ஸ்ரீவைகுண்டம், 2023

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு அப்பால், செய்துங்கநல்லூர் செல்லும் வழியில், கரையும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் ஸ்லீப்பர்களோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை அப்போது எல்லோரும் பார்த்தோம். பயணிகள் இரண்டு நாள் பட்டினியும் பதற்றமுமாகக் கழித்தார்கள். ஆனால் உயிரோடு கழித்தார்கள். அரியலூரையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நடுவில் இருக்கும் வித்தியாசம் நிறுத்த வேண்டிய நேரத்தில் ரயில் நிறுத்தப்பட்டது என்பதுதான்.

நம் விஷயத்துக்கு அந்த இரவு தரும் பாடம் ஒன்றுண்டு. அந்த வெள்ளத்தில் மின்சாரம் போயிற்று. கைப்பேசித் தொடர்பும் பரவலாகத் துண்டித்துப்போயிற்று. சிம் அட்டையை நம்பி இயங்கும் எந்தக் கருவியும் அப்படிப்பட்ட இரவில் பேசாது. ரோந்து மிகவும் தேவைப்படும் நேரமும், கருவி ஊமையாகும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. சுரங்கப்பாதையில் செயற்கைக்கோள் சமிக்ஞையும் கிடைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் 46 கிலோமீட்டர் மலைப்பாதையில் மட்டும் 16 சுரங்கங்கள். திரையில் புள்ளி காணாமல் போனால் அந்த மனிதர் வேலையில் இல்லை என்று கணினி எழுதலாம். பழைய நிலைய அதிகாரி அதையே ஆபத்து என்று எழுதி ரயிலின் வேகத்தைக் குறைத்திருப்பார். அந்தப் பழைய பொருள் கருவிக்குள்ளும் இருக்க வேண்டும். மழை இரவில் புள்ளி மறைந்தால் அதை விடுப்பாகக் கணக்கிடக் கூடாது, எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

கொங்கண் ரயில்வே இதை வேறு கோணத்திலிருந்து அணுகியது. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாறைகள் பாதையில் சரிந்து நடந்த விபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கரஞ்சாடி அருகே மீண்டும் பாறைச் சரிவு, மீண்டும் மரணங்கள். இன்று அங்கே மழைக்காலம் முழுவதும் ரயில்கள் தனி அட்டவணைப்படி வேகம் குறைத்து ஓடுகின்றன. ஆபத்தான இடங்களில் இரவும் பகலும் காவலாளிகள். பாதை நெடுக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக அவசரத் தொடர்புப் புள்ளிகள். அங்கிருந்து நிலையத்தோடு பேசலாம். பார்வை குன்றும் மழையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டளை. இங்கே தொழில்நுட்பம் காவலாளியின் வாய்க்கு உதவுகிறது. அவர் சொல்வதைக் கேட்க மறுமுனையில் ஆள் இருக்கிறார். எந்த ஏற்பாட்டுக்கு முதலில் பணம் ஒதுக்குவாய் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மற்ற துறைகளில்

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலியில் வருகைப்பதிவு கட்டாயமானது. வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை, இருப்பிடக் குறியோடு படம் எடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே படம் எடுத்து ஏற்றுவதையும் குறிப்பிட்டது. அதேவேளை வலையமைப்பு கிடைக்காத ஊர்களில் உழைத்தவர்களின் வருகை பதியாமல் கூலி போயிற்று. ஏமாற்றுகிறவர் கருவியைத் தாண்டிவிட்டார். உழைத்தவர் கருவியிடம் மாட்டிக்கொண்டார்.

சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டபோது அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அடுத்த தெருவுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் பதில் சொல்ல வேண்டிய நிலை எவ்வளவு இழிவானது என்று அவர்கள் கேட்டார்கள். கையுறையும் காலணியும் கேட்டவர்களுக்குக் கடிகாரம் கிடைத்தது.

மாறாக, புலிகள் காப்பகங்களில் 2010 முதல் பயன்படும் எம்-ஸ்டிரைப்ஸ் என்ற முறை எனக்கு நம்பிக்கை தருகிறது. வேட்டைத் தடுப்புக் காவலர் நடக்கும் தடத்தை அதுவும் பதிகிறது. ஆனால் நடந்த வழியோடு, வழியில் கண்ட கால்தடம், எச்சம், கண்ணி, வெட்டுண்ட மரம் ஆகியவற்றையும் அவர் பதிகிறார். வலையமைப்பு இல்லாத காட்டில் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். அங்கே காவலர் நின்றால் அவர் எதையோ கண்டுவிட்டார் என்று பொருள். ரயில்வேயின் கருவியில் நான் தேடுவதும் அதைத்தான். தளர்ந்த கிளிப்பு எத்தனை, எந்தக் கிலோமீட்டரில், எந்தப் பக்கம்; போன வாரம் சொன்ன குறை சரிசெய்யப்பட்டதா; இல்லையென்றால் யார் மேசையில் நிற்கிறது? இந்தக் கடைசிக் கேள்வி எழுந்தவுடன் கண்காணிப்பு மேல்நோக்கியும் திரும்புகிறது. கீமேன் ஒரே இடத்தைப் பற்றி மூன்று முறை எழுதியும் பிளாக் கிடைக்கவில்லையென்றால், அதுவும் அதே திரையில் சிவப்பாக ஒளிர வேண்டும். கதௌலியில் ஏதாவது உதவியிருக்குமென்றால் அந்தச் சிவப்புதான் உதவியிருக்கும்.

சட்டம் சொல்வது

கதௌலி விபத்து நடந்து ஐந்தாம் நாள், 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகப் பணியாளரின் தரவைத் தனியாக ஒப்புதல் பெறாமலே பயன்படுத்த இடம் தருகிறது. எனவே இந்தத் தரவு எத்தனை நாள் வைக்கப்படும், வேலை நேரத்துக்குப் பின் கருவி அணையுமா, தண்டனைக்கு அதை மட்டும் சான்றாகக் கொள்ளலாமா என்பவை பெரும்பாலும் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசித் தீர்க்க வேண்டியவையாக நிற்கின்றன. தன் நடைப்பதிவைக் கீமேன் தானே பார்க்கும் உரிமையை முதலில் கேட்க வேண்டும் என்பேன். அவருக்கு எதிராகப் பயன்படக்கூடிய பதிவு அவர் கண்ணுக்கே தெரியாமல் இருப்பது முறையாகாது.

மறுமுனை

அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் தந்த அறிக்கையில், 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியின்போது இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர் என்று எழுதியிருக்கிறது. பயணிகள் இறந்தால் தலைப்புச் செய்தி. பாதையில் நடப்பவர் இறந்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி. இரட்டைப் பாதையில் ஒரு ரயிலுக்கு ஒதுங்கி நிற்கும்போது எதிர்ப்பாதையில் வரும் ரயிலின் ஓசை கேட்காது. இப்படித்தான் பலர் அடிபடுகிறார்கள். இதற்கென 'ரக்ஷக்' என்ற கையடக்க வானொலிக் கருவியை ரயில்வே கொண்டுவந்தது. பக்கத்து நிலையத்திலிருந்து ரயில் புறப்படும்போது அது ஒலித்தும் அதிர்ந்தும் எச்சரிக்கும். தொழிலாளியின் இடத்தை அதிகாரிக்குச் சொல்லும் கருவிக்கும், ரயிலின் வருகையைத் தொழிலாளிக்குச் சொல்லும் கருவிக்கும் தொழில்நுட்பத்தில் பெரிய தூரமில்லை. கீமேனின் இடம் கணினிக்குத் தெரியும். ரயிலின் இடமும் ரயில்வேக்குத் தெரியும். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து அவர் கையில் அதிரவைப்பதுதான் இந்தத் திட்டத்தின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் 2 அன்று கேரளத்தின் சொரனூர் அருகே பாரதப்புழைப் பாலத்தில், பாதையோரக் குப்பைகளை அகற்றிக்கொண்டிருந்த நான்கு தொழிலாளர்கள் மீது கேரளா எக்ஸ்பிரஸ் மோதியது. நால்வரும் சேலம் மாவட்டத்திலிருந்து போனவர்கள், இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒப்பந்தக் கூலிகள். பாலத்தின் மேல் ஒதுங்க இடம் தேடும் மனிதர்களுக்கு, ரயில் வருகிறது என்று சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. கருவிகளைப் பற்றிய திட்ட அறிக்கைகளில் நிரந்தர ஊழியர்களின் எண்ணிக்கைதான் இடம்பெறும். அதே பாலத்தில் அதே ரயிலின் முன் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக அந்த ஆபத்துப் பொத்தான். எந்தப் பிரிவில் இந்தக் கருவி தரப்பட்டாலும், நிர்வாகம் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கார்த்திகை மாத மழை இரவொன்றில், இரண்டு மணிக்கு, முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஏதாவது ஒரு பாலத்தின் மேலிருந்து ஒரு ரோந்துக்காரரை அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். மறுமுனையில் யார் எடுக்கிறார், எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார், எடுத்தவரால் அடுத்த நிலையத்தில் ரயிலை நிறுத்த முடிகிறதா என்று எழுதிவைக்க வேண்டும். அந்த நிமிடக் கணக்கை, கீமேன்களின் நடைக் கணக்கை ஒட்டும் அதே அறிவிப்புப் பலகையில், எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.